முக்கால் வேகம்

ஹைதராபாத் மராத்தான் ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வரும். 42.195 கிலோமீட்டர் ஓடப் பதினாறு வாரப் பயிற்சி வேண்டும் என்பது ஓட்டக்காரர்களிடையே புழங்கும் கணக்கு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து பதினாறு வாரம் பின்னால் எண்ணினால் மே முதல் வாரத்தில் வந்து நிற்கும். சென்னையில் அதைக் கத்திரி தொடக்கம் என்பார்கள். ஊரே ஜன்னலைச் சாத்திவிட்டு நுங்கு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிற நாளில் நாங்கள் சிலர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறோம். "ஓடுறதுக்கு வேற மாசமே கெடைக்கலையாம்மா?" என்று என் மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான். ஜனவரியில் நம்மூரிலேயே சென்னை மராத்தான் இருக்கிறது. அதற்கும் பெயர் கொடுக்கும் உத்தேசம் உண்டு. ஆனால் ஜனவரியில் ஓட நினைப்பவரும் மே, ஜூனில் காலை நீட்டி உட்கார்ந்துவிட முடியாது. இந்த ஊரில் குளிர்காலத்தை மட்டும் நம்பி ஓடுவதென்றால் வருஷத்தில் இரண்டரை மாதம்தான் ஓட வேண்டியிருக்கும்.

நான் பரிசு வாங்கப்போகிறவள் இல்லை. நாற்பதைத் தாண்டிய வங்கி ஊழியை. பந்தயத்தில் எனக்கு முன்னால் பாதிப் பேர் போவார்கள், பின்னால் பாதிப் பேர் வருவார்கள். பொழுதுபோக்காக ஓடுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலை நாலு மணிக்கு அலாரம் வைக்கிற பொழுதுபோக்கு.

வெளியூர்க்காரர்கள் சென்னையின் கோடை விடியல் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். நாலரை மணிக்குத் திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் வந்து நின்று பார்த்தால் தெரியும். வெப்பமானி 28, 29 காட்டும். அது பயப்படுகிற அளவில்லை. காற்றின் ஈரப்பதம்தான் எண்பது சதவீதத்தைத் தாண்டி நிற்கும். நாளிலேயே சூடு குறைந்த நேரத்தில்தான் ஈரம் உச்சத்தில் இருக்கிறது. முந்தின நாள் மதியம் வீசிய கடற்காற்று இரவோடு அடங்கியிருக்கும். வேப்பிலை அசையாது. சரி, கொஞ்சம் தாமதமாகக் கிளம்பலாமே என்றால், ஆறரைக்கெல்லாம் வெயில் பிடரியைப் பிடித்துவிடும்.

ஓடும்போது உடம்பு எரிக்கிற சக்தியில் கால்வாசியோ அதற்கும் குறைவோதான் நம்மை முன்னே கொண்டுபோகிறது. மிச்சமெல்லாம் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை. ஆனால் வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, ஆவியாக வேண்டும். அப்போதுதான் தோல் குளிரும். ஏற்கெனவே ஈரம் ஏறிய காற்று அதை எளிதில் வாங்கிக்கொள்ளாது. ஆகவே அது நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கும், அங்கிருந்து தாடைக்கும், பிறகு சட்டைக்கும் இறங்கி, கடைசியில் காலுறை வழியாக ஷூவுக்குள் போய்ச் சேர்கிறது. எட்டாவது கிலோமீட்டர் வாக்கில் ஒவ்வொரு அடிக்கும் சளக், சளக் என்று சத்தம் வர ஆரம்பிக்கும். ஒரு சொட்டு மழை இல்லாத ஊரில் நனைந்த ஷூவோடு வீடு திரும்பி, செய்தித்தாளைக் கசக்கி அதற்குள் திணித்து வைக்க வேண்டும். மறுநாள் விடிவதற்குள் காய்ந்தால் அதிர்ஷ்டம். கறுப்புத் தொப்பியின் விளிம்பில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். எவ்வளவு துவைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை.

இதற்கிடையில் தசையும் ரத்தம் கேட்கிறது, குளிர்வதற்காகத் தோலும் ரத்தம் கேட்கிறது. இதயம் இரண்டுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். பிப்ரவரியில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று ஓடும்போது நிமிடத்துக்கு 145 துடித்த என் இதயம், மேயில் அதே வேகத்துக்கு 165-க்கு எகிறிவிடும். அதை 145-லேயே வைத்திருக்க வேண்டுமானால் கிலோமீட்டருக்கு ஏழேகால், சில நாள் ஏழரை நிமிடம் ஆகும். உடம்பு அதே உடம்பு, உழைப்பும் அதே உழைப்பு. கையில் கட்டியிருக்கும் கார்மின் கடிகாரம் மட்டும் நான் தேய்ந்துவிட்டதாகச் சொல்லும்.

கோடைப் பயிற்சியில் நான் திணறுவது இந்த இடத்தில்தான். வெயிலையும் தூக்கத்தையும்கூடச் சமாளித்துவிடலாம். முடிந்ததைவிடக் குறைவாக ஓட வேண்டும் என்பதுதான் பெரும்பாடு. மெதுவாக ஓடுவது சுலபம் என்று ஓடாதவர்கள் நினைப்பார்கள். முதல் நாலு கிலோமீட்டருக்கு உடம்பு கேட்காது, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று இழுக்கும். அந்த நேரம் பார்த்துக் கல்லூரிப் பையன் ஒருவன் "குட் மார்னிங் ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே முந்திப் போவான். ஆன்ட்டி என்றது பரவாயில்லை. அவன் மூச்சு வாங்காமல் சொன்னதுதான் உறுத்தும். ஸ்ட்ராவா செயலியில் அன்றைய ஓட்டத்தைப் பதிவேற்றும்போது தலைப்பில் 'செம புழுக்கம்' என்று சேர்க்காதவர்கள் எங்கள் குழுவில் குறைவு. எழுதினால் மன்னிப்பு கிடைக்கும் என்பதுபோல எல்லோரும் எழுதுகிறோம். வேகம் குறைந்ததற்கு யாரிடம் விளக்கம் சொல்கிறோம் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது.

யோசித்துப் பார்த்தால், நம்மை யாரும் முக்கால் வேகத்துக்குப் பழக்கவில்லை. உயிரைக் கொடுத்துப் படி, முழு மூச்சாக இறங்கு, இல்லாவிட்டால் விட்டுத் தொலை. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டு வளர்ந்தது இந்த இரண்டையும்தான். 'பதறாத காரியம் சிதறாது' என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளைப் பதறவைப்போம். ப்ளஸ் ஒன் முடித்த என் மகளுக்கு மே மாதம் முழுக்கச் சிறப்பு வகுப்பு. தினமும் தேர்வு, தினமும் ஒரு தரவரிசை. ஒரு நாள் மதிப்பெண் இறங்கினால் வீட்டுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. மெதுவாகப் போகிற நாளும் படிக்கிற நாள்தான் என்று அந்தக் குறுஞ்செய்திக்குத் தெரியாது. அலுவலகத்திலும் பெரிய வித்தியாசமில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் காட்டிய வேகத்தை ஏப்ரலிலும் எதிர்பார்ப்பார்கள்.

ஓட்டத்தில் இதை வேறு மாதிரி யோசித்த ஒருவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத 800 மீட்டர் பந்தயத்துக்கு ஸ்னெல்லை ஆக்லாந்து மலைச்சாலைகளில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடவைத்தவர் லிடியார்ட். முதலில் பல வாரம் நிதானமான நெடுந்தூரம். வேகமெல்லாம் அதன்மேல் பிறகு கட்ட வேண்டியது. அதே முறையை அவர் தொப்பை விழுந்த நடுவயதுக்காரர்களுக்கும், மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கும் கொண்டுபோனார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் என்பதுதான் அளவு. 1962-ல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மன் அந்தக் கூட்டத்தோடு ஒருநாள் ஓடப்போய், எழுபதைத் தாண்டிய, இதய நோய் கண்ட ஒரு பெரியவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். பெரியவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவரோடு கூடவே வந்தாராம். ஊர் திரும்பிய பௌவர்மன் 1967-ல் மெல்லோட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. பிற்பாடு நைக்கி நிறுவனமாக வளர்ந்ததைத் தொடங்கிய இருவரில் அவரும் ஒருவர். இன்று ஷூ விளம்பரங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு பறக்கிற வீரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர் நினைவுதான் வரும்.

உடம்பு இந்த நிதானத்தை வீணாக்குவதில்லை. வெக்கையில் தினமும் ஒரு மணி நேரம் போல ஓடிவந்தால் பத்து, பதினான்கு நாளில் அது தன்னைப் பெருமளவு மாற்றிக்கொண்டுவிடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்பைவிடச் சீக்கிரம் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. அதே வேகத்துக்கு இதயத் துடிப்பும் சற்று இறங்குகிறது. இத்தனையும் உள்ளே நடப்பதால் கடிகாரத்தில் சட்டென்று தெரியாது. ஓடுவதை நிறுத்தினால் சில வாரங்களில் போயும்விடும். அதனால்தான் தினமும் ஓட வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் இருபது கிலோமீட்டர் ஓடி ஆறு நாள் படுத்துக்கொள்வதில் இந்த மாற்றம் வராது.

நான் ஓடுகிற தெருவில் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் ஒரு அக்கா ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்குவார். சேலைக்கு மேல் சீருடைக் கோட்டு, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, நீளக் கம்பு கட்டிய ஈர்க்கு விளக்குமாறு. ஒரு வீச்சு, அரை அடி நகர்வு, மறுபடி ஒரு வீச்சு. இரண்டு மணி நேரம் கழித்து நான் திரும்பி வரும்போது தெருவின் மறுகோடியில் இருப்பார். வீச்சின் வேகம் துளியும் மாறியிருக்காது. ஒருநாள் தண்ணீர் குடிக்க நின்றபோது, "இந்தப் புழுக்கத்துல எப்படிக்கா ஒரே மாதிரி செய்றீங்க?" என்று கேட்டேன். "அவசரப்பட்டா ஆவுமா மேடம்? பதினோரு மணிக்கும் இதே கைதானே வேணும்" என்றார்.

அவரை என் பயிற்சிக்குப் பாடமாக்கிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் உண்டு. என் வெக்கை ஏழு மணிக்கு முடிந்துவிடும். அதன்பின் குளியல், மின்விசிறி, உப்புப் போட்ட மோர், அப்புறம் ஏசி போட்ட வங்கிக் கிளை. அவருக்கு ஏழு மணி என்பது வேலையின் நடு. ஓடுவதற்கு எந்த நேரம் தோது என்று நான் தேர்ந்தெடுக்கலாம், ஒருநாள் வேண்டாமென்று படுத்துக்கொள்ளவும் செய்யலாம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது அவரைப் போன்றவர்களையும், கட்டடத்தில் மண் சுமக்கிற சித்தாள்களையும், உச்சி வெயிலில் உணவுப் பொட்டலத்தோடு பைக்கில் அலைகிற பையன்களையும் மனதில் வைத்துத்தான் இருக்க வேண்டும். மராத்தான் பதக்கத்துக்காக வியர்க்கிறவர்களை வைத்து அல்ல. ஆனாலும் ஒன்று சொல்வேன். உடம்பை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவர்கள் யாரும் அதை விரட்டுவதில்லை. விரட்டுவது என்னைப்போல் ஓரிரு மணி நேரம் மட்டும் பயன்படுத்துகிறவர்களின் ஆசை.

மெதுவாக ஓடினால் எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்விக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் சிலரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வில், 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடிக்காமல், குடிக்க வேண்டுமே என்று அளவுக்கு மீறிக் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். அங்கும் கடைசியில் 'இன்னும் கொஞ்சம்' என்கிற அதே பதற்றம்தான். எங்கள் குழுவில் நாங்கள் பெண்கள் மூவர் சேர்ந்தே போவோம். இருட்டில் நாய்கள் உண்டு, நாய்களைவிட மோசமானவையும் உண்டு. ஒருத்தி பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் மற்ற இருவரும் வேகத்தைக் குறைப்போம். கதை பேசுவதே எங்களுக்கு இதயமானி. மாமியார்களைப் பற்றி மட்டும் இருபது கிலோமீட்டர் பேச முடியும் என்பது இந்தக் கோடையில் கண்டறிந்த உண்மை.

சென்னை தட்டையான ஊர் என்பதால் இன்னொரு சங்கடம். ஹைதராபாத்தில் நெக்லஸ் சாலையில் கிளம்பி கச்சிபௌலி விளையாட்டரங்கத்தில் முடிகிறவரை ஏற்றமும் இறக்கமும் மேம்பாலங்களும் மாறி மாறி வரும். அதற்கு நாங்கள் ஞாயிறு விடியலில், வண்டிகள் பெருகுவதற்குள், ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பழகுகிறோம். நான்காவது ஏற்றத்தில் எல்லா விவேகமும் பறந்துபோய், முன்னால் போகிறவளைப் பிடித்துவிட வேண்டும் என்று கால் துடிக்கும். அந்த ஆசை தப்பென்று நான் நினைக்கவில்லை. அதுவும் இல்லாவிட்டால் விடியலில் எழுந்திருக்க வேறு காரணம் கிடைக்காது. வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று விட்டுவைத்திருக்கிறேன், அன்றைக்கு மூச்சிரைக்க ஓடலாம். மற்ற நாளெல்லாம் பேச்சு வேகம்.

போன வாரம் கடிகாரத்தை எடுத்துப் பார்த்த மகள் உதட்டைப் பிதுக்கினாள். "ஏழு இருபதா? போன வருஷத்தைவிட ஸ்லோம்மா நீ." இதுதான் முறை, அடித்தளம் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆகஸ்டில் சமாளித்துவிட்டால் அப்புறம் பருவம் மாறும், வேகம் தானாக வரும் என்று லிடியார்டையும் துணைக்கழைத்து விளக்கினேன்.

"சரி, எப்பதான் வேகமா ஓடுவ?"

"டிசம்பர்ல பாரு."

"டிசம்பர்ல வெள்ளம் வரும்மா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள்.