பந்தயமும் அமானிதமும்

1927ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி, வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரையில் பெரும் வேகத்தில் ஓடிய மோட்டார் கார் ஒன்று புரண்டது. அதைச் செலுத்திய ஜே.ஜி. பாரி தோமஸ் அந்த இடத்திலேயே உயிரிழந்தார். லேலண்ட் மோட்டார் கம்பனியில் பிரதம பொறியியலாளராக இருந்தவர் அவர். தரை வேக உலக சாதனையை நாடி உயிரிழந்த முதற் சாரதி என்று வரலாறு அவரைக் குறித்து வைத்திருக்கிறது. 'பாப்ஸ்' என்று அவர் செல்லமாக அழைத்த அந்தக் காரை, அந்தக் கடற்கரையின் மணல் மேட்டிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 1969இல், ஓவன் வின் ஓவன் என்னும் பொறியியல் விரிவுரையாளர் அனுமதி பெற்று அதனைத் தோண்டி எடுத்தார். பல ஆண்டுகள் பாடுபட்டு மீண்டும் ஓட வைத்தார். கார் மீண்டது, மனிதர் மீளவில்லை.

ஒரு மனிதன் வேகத்துக்காக, ஓர் எண்ணுக்காக, தன் உயிரைப் பணயம் வைக்கலாமா? அது வீரமா, விரயமா? கடற்கரைப் பந்தயங்கள் மேற்கு நாடுகளில் மறுபடியும் உயிர் பெற்றிருக்கும் இந்நாட்களில் இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை.

அக்காலத்தில் கடற்கரையைத் தேடிப் போனதற்குக் காரணம் எளிது. விமான இயந்திரங்களைப் பொருத்திய ராட்சதக் கார்களுக்கு வீதிகளும் போதவில்லை, பந்தயத் தடங்களும் போதவில்லை. கடல் வற்றும்போது வெளிப்படும் ஈர மணலோ இறுகியது, சமமானது, மைல் கணக்கில் நேரானது. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர்மண்ட், டேடோனா கடற்கரைகளில் 1903 முதலே கார்கள் ஓடின. 1906இல் பிரெட் மரியட் அங்கே ஒரு நீராவிக் காரில் மணித்தியாலத்துக்கு 127 மைல் வேகத்தைத் தாண்டினார். ஏழு மைல் நீளமான பெண்டைனில் 1924க்கும் 1927க்கும் இடையில் ஐந்து தடவைகள் உலக சாதனை முறியடிக்கப்பட்டது. மல்கம் கெம்பல் 146 மைல் என்று தொடங்கினார். 1926 ஏப்ரலில் தோமஸ் அதை 171 மைலுக்கு உயர்த்தினார். 1927 பெப்ரவரியில் கெம்பல் 174 மைலைக் கடந்து சாதனையைத் திரும்பப் பெற்றார். இழந்ததை மீட்கப் போன இடத்தில்தான் தோமஸ் இறந்தார்.

அவர் இறந்து 26 நாட்களில், மார்ச் 29ஆம் திகதி, ஹென்றி சீகிரேவ் டேடோனாவில் 203 மைலைத் தாண்டினார். தோமஸ் அன்று வென்றிருந்தாலுங்கூட, அந்த வெற்றி பெரும்பாலும் 26 நாட்களுக்கு மேல் அவரிடம் தங்கியிருக்காது. ஓர் உயிரின் விலையாக அவர் முன்னே இருந்தது அவ்வளவே.

இதற்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. தம்மைத் தாமே அழிவுக்கு ஒப்படைப்பதைத் தடுக்கும் அல்பகரா அத்தியாயத்தின் வசனத்தை ஓதிவிட்டு, 'இது ஹராம்' என்று எழுந்து போய்விடலாம். ஆனால் அந்த வசனத்தை அவ்வாறு எடுத்தாள்வது அத்தனை இலகுவல்ல. கொன்ஸ்தாந்திநோபிள் முற்றுகையின்போது தனியொரு வீரர் ரோமர் அணிக்குள் பாய்ந்ததைக் கண்ட மக்கள், அவர் தம்மை அழிவில் போட்டுக்கொள்கிறார் என்று கூவினார்கள். அங்கிருந்த அபூ ஐயூப் அல்அன்ஸாரி (ரழி) அவர்கள் அதைத் திருத்தினார்கள். அவ்வசனம் இறங்கியது அன்ஸாரிகளைக் குறித்து. போராட்டத்தை விட்டுவிட்டு வீட்டிலே தங்கித் தம் சொத்துக்களைச் சீர்செய்ய எண்ணியதே அங்கு அழிவு எனப்பட்டது என்று விளக்கினார்கள். ஆபத்து என்பதாலேயே ஒரு செயல் பாவமாகிவிடாது. பாதுகாப்பு என்பதாலேயே ஒரு செயல் நன்மையாகிவிடாது. எதற்காக என்பதே கேள்வி.

பந்தயமும் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓடிப் போட்டியிட்டார்கள். ஒருமுறை தோற்றார்கள், பின்னொருமுறை வென்றார்கள். குதிரைப் பந்தயமும் நடத்தினார்கள். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பந்தயத்துக்கென உடல் மெலியவைத்துப் பழக்கிய குதிரைகளுக்கு ஹப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஏறக்குறைய ஆறு மைல் தூரம் குறிக்கப்பட்டது. அவ்வாறு பழக்கப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைலளவே குறிக்கப்பட்டது. ஓடும் பிராணியின் இயல்புக்கேற்ப தூரம் அளக்கப்பட்டது. பந்தயத்தின் ஒழுக்கம் அந்த அளவிலே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அளவு தவறிய ஓர் இடத்தைப் பார்ப்போம். 1928இல் ரே கீச் என்பவர் டேடோனாவில் 'ட்ரிப்ளெக்ஸ்' என்னும் காரில் 207 மைல் வேகம் எட்டி உலக சாதனை படைத்தார். மூன்று விமான இயந்திரங்களைச் சுமந்த முரட்டுக் கார் அது. 1929 மார்ச் 11ஆம் திகதி சீகிரேவ் 231 மைல் ஓடி அதை வெகுதூரம் பின்தள்ளினார். காரின் உரிமையாளரான செல்வந்தர் சாதனையை மீட்டுவிடத் துடித்தார். அந்தக் காரில் மறுபடியும் ஏறுவது மிகவும் ஆபத்தானது என்று கீச் மறுத்துவிட்டார். அவ்வேகத்தில் ஓடிய அனுபவமே இல்லாத லீ பைபிள் என்ற உள்ளூர்க் கராஜ்காரர் முன்வந்தார். இரண்டு நாட்களின் பின், மார்ச் 13ஆம் திகதி, கார் தடம் மாறிப் புரண்டது. பைபிளும், செய்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த சார்ள்ஸ் ட்ராப் என்பவரும் இறந்தார்கள்.

இங்கே ஆறு மைல் குதிரையின் தூரத்தை ஒரு மைல் குதிரைக்குக் குறித்தது யார்? ஏறியவர் பைபிள்தான். ஆனால் ஏற்றிவிட்ட ஆசை இன்னொருவருடையது. அந்த ஆசைக்காரர் மணலில் நின்றுகொண்டிருந்தார்.

ரே கீச்சின் மறுப்பை நான் வீரம் என்றே சொல்வேன். உலக சாதனையாளன் ஒருவன் எல்லோர் முன்னிலையிலும் 'மாட்டேன்' என்று சொல்வது, ஏறி அமர்வதைவிடக் கடினம். அவருக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கவில்லை. அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்ற சில வாரங்களிலேயே, ஜூன் மாதம், வேறொரு பந்தயத்தில் இறந்துபோனார். 'எங்கே போனாலும் மவுத்து வரும், பிறகென்ன?' என்று கேட்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி அவர்களுக்கான பதில். கட்டிய ஒட்டகமும் தொலையலாம். அதனால் கட்டியது பிழையாகிவிடாது. அஜல் அல்லாஹ்வின் கையில். கயிறு நம் கையில். நாம் விசாரிக்கப்படுவது கயிற்றைப் பற்றி.

ட்ராப்பின் மரணம் இன்னொரு கேள்வியைக் கொண்டுவருகிறது. 1924இல் டென்மார்க்கின் ஃபானோ தீவுக் கடற்கரையில் கெம்பல் ஓடியபோது, காரிலிருந்து கழன்ற டயர் ஒன்று பார்வையாளர்களிடையே பாய்ந்து ஒரு சிறுவனைக் கொன்றது. மக்கள் மிக நெருங்கி நிற்பதைப் பற்றி அவர் முன்கூட்டியே முறையிட்டிருந்தார். இருந்தும் ஓடினார். சாரதி தன் உயிரைப் பணயம் வைத்தான் என்று புகழ்கிறோம். அந்தச் சிறுவன் எதையும் பணயம் வைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவன் அவன். தன் உயிருக்கே மனிதன் உரிமையாளன் அல்லன், அமானிதக்காரன் மட்டுமே என்று நாம் நம்புகிறோம். அப்படியிருக்கப் பிறர் உயிரை எந்தக் கணக்கில் எழுதுவது?

சாதனை தேடியவர்கள் கடற்கரையை விட்டு விலகிப் போய் நெடுங்காலமாகிறது. 1935இல் கெம்பல் டேடோனாவில் 276 மைல் ஓடிப் பார்த்தார். மணலின் மேடுபள்ளங்கள் அதற்குமேல் இடம் தரவில்லை. அதே ஆண்டு யூட்டா மாநிலத்தின் பொனவில் உப்பு வெளியில் 301 மைல் ஓடினார். இன்றைய சாதனை 1997இல் அண்டி கிரீன் நெவாடா பாலைவனத்தில் ஜெட் இயந்திரக் காரில் ஓடிய 763 மைல்.

எண்கள் போய்விட்ட பிறகு, மனிதர்கள் திரும்பி வந்தார்கள். 2012இல் நியூ ஜேர்ஸியில் போருக்கு முந்திய கார்களைக் கொண்டு ஒரு கடற்கரைப் பந்தயம் தொடங்கியது. 2013 முதல் பெண்டைனில் பழைய கார்களைத் திருத்தியமைத்தவர்கள் கூடி ஓடுகிறார்கள். ஃபானோவுக்கு அருகிலுள்ள ரோமோ தீவில் 2016இல் அத்தகைய விழா ஆரம்பமானது. குறித்த தூரம், பழைய இயந்திரத்தின் சக்திக்கேற்ற வேகம். உலக சாதனை எதுவும் அங்கே காத்திருக்கவில்லை. அப்பனோ பாட்டனோ காலத்துக் காரைத் தன் கையால் திருத்தியவனுக்கு, அது ஓடுவதைக் காண்பதே போதுமாக இருக்கிறது. பெண்டைனில் மீண்டும் எண்ணைத் துரத்தியவர்களும் இல்லாமலில்லை. 2018இல் மோட்டார் சைக்கிளிலும் 2019இல் காரிலும் அங்கே 200 மைலைத் தாண்டிய ஸெஃப் ஐசன்பேர்க், 2020 ஒக்டோபரில் யோர்க்ஷயரின் ஓடுபாதையொன்றில் இன்னொரு சாதனை முயற்சியில் உயிரிழந்தார். ஆசை பழைய கார்களோடு புதைந்துவிடவில்லை.

நபி (ஸல்) அவர்களின் 'அல்அத்பா' என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாதது. நாட்டுப்புற அரபி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது மனவேதனையாக இருந்தது. உலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று சொல்லி நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். தோல்வியை அவ்வளவு அமைதியாக ஏற்க முடிந்தவர்களுக்குத்தான் பந்தயம் ஆகும். முந்தப்பட்டதைத் தாங்க முடியாதவனுக்கு அது ஆகாது. 171 மைலை இழந்தவன் 174 மைலுக்குத் தன்னைக் கொடுத்துவிடுகிறான்.

ஆகவே 'ஓடலாமா?' என்று கேட்பதைவிட, ஓடுமுன் மூன்றைக் கேட்பது நல்லது. இந்த ஆசை என்னுடையதா, எனக்குப் பின்னால் நிற்பவருடையதா? கயிற்றைக் கட்டினேனா? தடத்தின் ஓரத்தில் யாருடைய பிள்ளை நிற்கிறது? கார் ஓட்டாத நமக்கும் இக்கேள்விகள் உண்டு. கடன் பட்டு வியாபாரம் பெருக்குபவருக்கும், பிள்ளையைப் பரீட்சைக்கு விரட்டும் தகப்பனுக்கும் உண்டு. ஃபானோவில் மூன்றாவது கேள்வி கேட்கப்பட்டது. பதில் வருமுன்னரே கார் புறப்பட்டுவிட்டது.