மூன்று சதவீதம்

பழைய காரை விற்காமல் வைத்திருப்பவரிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கட்டுபடியாகுதா?" எங்கள் வீட்டு மாருதி 800, அப்பா 1996இல் மதுரையில் வாங்கியது. இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. கணக்குப் பார்த்தால் நிச்சயமாகக் கட்டுபடியாகாது. சொந்த உபயோக காரின் பதிவு பதினைந்து வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. பழைய வண்டிக்காரர்கள் இதையெல்லாம் அபராதம் என்று திட்டுவார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. பிடித்ததை வைத்துக்கொள்ளக் காசு கொடுக்கிறேன், அவ்வளவுதான். என்னைத் தொந்தரவு செய்வது வேறு கேள்வி. இந்தப் பிரியத்துக்கான விலையை நான் மட்டும்தான் கொடுக்கிறேனா?

தத்துவம் படிக்கும் நண்பர்கள் பழைய கார் என்றதும் அடையாளச் சிக்கலுக்குப் போய்விடுவார்கள். "பாதிக்கு மேல மாத்திட்ட, இது இன்னமும் அதே காரா?" பாலி நூலான மிலிந்த பன்ஹாவில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. தேரில் வந்த அரசன் மிலிந்தனிடம் பிக்கு நாகசேனர், அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா, நுகத்தடிதான் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அரசன் எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறான். இவையெல்லாம் கூடியிருப்பதை வைத்து வழங்கும் பெயர்தான் தேர் என்ற இடத்துக்குக் கடைசியில் வந்து சேர்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இவ்வளவு யோசனை கிடையாது. சேஸிஸ் நம்பர் சரியாக இருந்தால் அதே கார். கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், சைலன்சர், டிங்கரிங்கில் புதிதாக வைத்த தரைத்தகடு எல்லாம் மாறியும் எனக்கு அது அப்பாவின் கார்தான். ஆனால் இந்த விவாதம் முழுக்க எனக்கும் வண்டிக்கும் நடுவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வண்டிக்குப் பின்னால் நிற்கிற ஆள் இதில் எங்கேயும் வருவதில்லை.

அந்த ஆள் ஒரு எண்ணாக மட்டும் புகைச் சோதனைச் சான்றிதழில் வருகிறார். பெட்ரோல் காரை ஐட்லிங்கில் விட்டு, புகையில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் என்று அளக்கிறார்கள். பாரத் ஸ்டேஜ் 4 காருக்கு உச்சவரம்பு 0.3. பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய காருக்கு 3. அதாவது பத்து மடங்கு. எங்கள் காரில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். 1995 ஏப்ரலிலேயே நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாகிவிட்டது. மதுரையில் வாங்கிய இந்தக் காரில் அது இல்லை. போன முறை சோதித்தபோது 2.1 வந்தது. "பாஸ் சார்" என்று ஸ்டிக்கரை நீட்டினார்கள்.

சட்டம் அப்படி விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு இயந்திரம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத்தான் அதனிடம் கேட்க முடியும். வேறு வண்டி வாங்க வழியில்லாதவர்களும் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சலுகை எனக்குப் பொருந்துமா? எனக்கு வழி இருக்கிறது. ஆசைப்பட்டுத்தான் வைத்திருக்கிறேன். மூச்சுக்குழாய்க்கு வண்டியின் மாடல் வருடம் தெரியாது.

தங்கச்சி மகனுக்கு ஆறு வயது, வீசிங் உண்டு. அவன் பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே இந்தக் காரில்தான். விடுமுறைக்கு வந்திருந்தவள் ஒருநாள் காலையில், நான் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். "உன் ஆசை எனக்குப் புரியுது. அதுக்கு அவன் ஏண்ணே இருமணும்?" அவள் குரலில் சண்டை இல்லை. அதனாலேயே சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். புகையில் நீலம் தட்டினால் என்ஜின் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது என்பது பட்டறைப் பாலபாடம். எங்களுடையது நீலம். "ஆயில் குடிக்குது தம்பி. என்ஜினை இறக்கி, போர் பண்ணி, ரிங்கு, வால்வு சீல் எல்லாம் மாத்தணும். முப்பத்தஞ்சு ஆகும். அதுவரைக்கும் வாசல்ல ஸ்டார்ட் பண்ணாம தெருவுக்குத் தள்ளிட்டுப் போய்ப் பண்ணுங்க." நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் தெருவில் எதிர்வீடு இருக்கிறது, அங்கேயும் ஒரு குழந்தை இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளையிடமிருந்து புகையை நகர்த்தி, பெயர் தெரியாத பிள்ளையிடம் விடுவதைத்தான் நாம் பல விஷயங்களில் தீர்வு என்று சொல்லிக்கொள்கிறோம்.

அப்படியானால் விற்றுவிட்டுப் புதிது வாங்குவதுதான் நேர்மையா? அதுவும் அவ்வளவு சுலபமில்லை. புதிய கார் முதல் கிலோமீட்டர் ஓடும் முன்பே அதன் இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் எங்கோ ஒரு சுரங்கத்திலும் உலையிலும் புகைந்து முடித்திருக்கும். வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் வீட்டில் அதை ஈடுகட்ட வெகுகாலம் ஆகும். இந்த வாதம் உண்மைதான். ஆனால் அந்த உலையின் புகையைக் காட்டி எதிர்வீட்டு இருமலைக் கழித்துவிட முடியாது. அது வேறு ஆள், இது வேறு ஆள். காரை விற்றாலும் விஷயம் முடிவதில்லை. வாங்குபவர் வேறு ஊரில், வேறு தெருவில் அதே புகையோடு ஓட்டுவார்.

அப்பாவுக்கு எழுபத்தாறு ஆகிறது. ஓட்டுவதை விட்டுவிட்டார். அவர் எழுதிவைத்த நோட்டு டேஷ்போர்டில் இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், ஆயில் மாற்றியது, பிளக் மாற்றியது, எவ்வளவு ஆனது. முப்பது வருடத்தில் காரைப் பற்றி உருக்கமாக ஒரு வரி அதில் கிடையாது. எங்கள் தெருவிலேயே கவர் போட்டு, டயர் இறங்கி, அடியில் நாய் படுத்திருக்கும் கார்கள் மூன்று நிற்கின்றன. கேட்டால் "தாத்தா கார், விக்க மனசு வரல" என்பார்கள். அது பிரியமாக இருக்கலாம். பராமரிப்பு என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி சொன்னதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "புகை வந்தா வண்டியை எடுக்கக் கூடாதுடா. சரி பண்ணு, முடியலன்னா கொடுத்துடு" என்றார்.

பழைய பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையை ஒருமுறை வாங்கினால் போதாது, அது பிறருக்குச் செய்யும் தீங்கைக் குறைக்கும் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்வரைதான் அந்த உரிமை என்று இப்போது நினைக்கிறேன். இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. என்னதான் டியூன் செய்தாலும் கன்வெர்ட்டர் இல்லாத இந்தக் கார் புதிய காரின் 0.3க்கு வராது. மிச்சம் ஒரு கடன் இருக்கத்தான் செய்யும். அதை ஓட்டத்தைக் குறைத்துத்தான் அடைக்க முடியும். பஸ் ஏற முடியாத அப்பாவைக் கூட்டிப்போக மட்டும் கார், எனக்கு பஸ்.

என்ஜினை இறக்கியாயிற்று. பிளாக் போர் போடப் போயிருக்கிறது. திரும்பி வந்து ஓடியபின் சோதனையில் 1க்குக் கீழே வராவிட்டால், நீலம் போகாவிட்டால், வேறு யாருக்கும் விற்காமல் உடைக்கக் கொடுத்துவிடுவது என்று அப்பாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். அந்த 1 சட்டம் சொன்னதில்லை. நாங்கள் வைத்துக்கொண்டது. நோட்டில் எழுதிவிட்டேன்.