எண்ணெய் யாருக்கு?

உயிரில்லாத பொருளிடம் மனிதனுக்குக் கடமை உண்டா? தத்துவம் படித்தவர்கள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வெகு நேரம் வாதாடலாம். காங்கேயத்துப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர்கள் வாதாடாமலே ஒரு விடை கண்டிருந்தார்கள்.

வண்டிக்கு மை போடுவது என்பார்கள். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த கறுப்பு மை அது. அச்சுக்கும் சக்கரத்தின் குடத்துக்கும் இடையில் அதைத் தடவுவார்கள். தடவாவிட்டாலும் வண்டி ஓடத்தான் செய்யும். கொஞ்சம் கிரீச்சிடும், அவ்வளவுதான். ஆனால் அச்சில் பிறக்கும் உராய்வு அங்கேயே நின்றுவிடுவதில்லை. நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்துக்குப் போய்ச் சேருகிறது. கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளர்ந்த காங்கேயம் காளை வலிமையுள்ளதுதான். வலிமை இருக்கிறது என்பதற்காக வண்டிக்காரனின் சோம்பலையும் சேர்த்தா அது இழுக்க வேண்டும்?

பிறகு காலம் மாறியது. 1955-ல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி இங்கிலாந்தின் என்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. புல்லட் மோட்டார் சைக்கிள் நம் நாட்டு வண்டியாயிற்று. அதிலும், அதற்குப் பின் வந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலும், இஞ்சினின் பலத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போவது ஒரு செயின்தான். 1880-ல் மாஞ்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய உருளைச் செயினின் அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. நடுவில் ஒரு பின், அதைச் சுற்றிக் குழல் போல ஒரு புஷ், அதன்மேல் ஓர் உருளை.

செயின் நாளடைவில் நீண்டு தொய்ந்துவிடுகிறது. இரும்பு ரப்பரைப் போல இழுபட்டுவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன. நூறு மூட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும், முழுச் செயினும் ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். இந்தத் தேய்மானம் வெளியில் தெரியாது. வெளித் தகடு மினுமினுத்துக்கொண்டே இருக்கும்.

ஆயுத பூஜையன்று நம் பக்தியைப் பாருங்கள். வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம். சந்தனம், குங்குமம், மாலை; சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூஜை நல்லதுதான். ஆனால் கழுவிய ஈரத்தில் துருப்பிடிக்கக் காத்திருக்கும் செயினுக்கு அன்று மாலை நாலு சொட்டு எண்ணெய் விட்டவர்கள் எத்தனை பேர்? கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மரியாதை செய்வதற்கு நாம் சளைப்பதில்லை.

"வண்டி என்னுடையது, பணமும் என்னுடையது. தேய்ந்தால் புதுச் செயின் போட்டுக்கொள்கிறேன். இதில் தர்மம் எங்கே வந்தது?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனியாகப் போகிறவருக்கு அது பெரும்பாலும் சிக்கனக் கணக்கு. ஆனால் பின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே! வயதான தாயாக இருக்கலாம், பள்ளிக்கூடம் போகிற குழந்தையாக இருக்கலாம். தாராபுரம் சாலையில் லாரிகள் முந்திக்கொண்டு போகின்றன. அறுந்த செயின் முன் பல்சக்கரத்தில் சுற்றிச் சிக்கினால், ஓடுகிற ஓட்டத்திலேயே பின் சக்கரம் இறுகி நின்றுவிடக்கூடும். செயின் எப்படி இருக்கிறது என்று பின்னால் இருப்பவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் நம் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நம்பிக்கை என்பது அதுதான். நம் சோம்பலுக்கு விலை கொடுப்பவர் அவர் என்றால், அதைச் சிக்கனக் கணக்கில் எழுத முடியுமா?

வேலை என்னவோ சிறியது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்; இஞ்சினை நிறுத்திவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செயினின் உட்புறத்தில் எண்ணெய் விட வேண்டும். ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, பத்து நிமிஷம். உள்ளே கிரீஸ் வைத்து ரப்பர் வளையத்தால் மூடிய செயின் என்றால் பெட்ரோல் ஆகாது, ரப்பர் கெட்டுவிடும். ஆர்வ மிகுதியில் எண்ணெயைக் கொட்டிவிடவும் கூடாது. ஊர்ப் புழுதி அதில் ஒட்டிக்கொண்டு இரும்பை அரைக்கும் விழுதாகிவிடும். மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டிய செயினும் கேடுதான். வண்டிக்கு வண்டி மாறினாலும், இரண்டரை, மூன்று சென்டிமீட்டராவது மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். பேணுவதற்கும் ஓர் அளவு உண்டு.

ஒழுங்காகச் சுற்றுகிற செயினைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பின்னால் வந்தவர் வீட்டு வாசலில் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். நடக்காமல் போன விபத்துக்கு நன்றி சொல்ல அவருக்குத் தோன்றாது. தோன்றாவிட்டால் என்ன? மை போட்ட வண்டிக்காரனுக்குக் காளை நன்றி சொல்லிற்றா?