மனவுறுதி எவருடைய சொத்து?

2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பெற்றதும், 2021 ஏப்ரல், மே திங்களில் பல நகரங்களின் சுடுகாடுகளில் பிணங்கள் முறை பார்த்துக் காத்துக் கிடந்ததும் மறக்கற்பாலன அல்ல. கொரோனாவின் அவசர நிலை நீங்கிற்றென உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் அறிவித்துவிட்டது. ஆயினும் அக்காலத்தே உடைந்த உள்ளங்களைப் பற்றிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. "அவனும் அதே தெருவில்தான் இருந்தான், தாங்கிக்கொண்டான். இவனோ கோழை" என்கின்றனர். இத்தீர்ப்பு அறமாகுமா?

நாமும் ஒருகால் இவ்வாறு எண்ணியவரே. 2021 மே திங்களில் ஓர் அம்மையார் கணவரை இழந்தார். முகத்தையும் காணப்பெறாமல், உறையிட்டுக் கட்டிய உடலைத் தொலைவில் நின்று பார்த்துத் திரும்பியவர் அவர். நாமோ தொலைபேசியில், "அம்மா, எல்லாம் அநித்தியம், மனத்தைத் திடப்படுத்திக் கொள்ளுங்கள்" என்று போதித்தோம். அவர் மறுமொழி கூறாது தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த திங்களே நம் உறக்கம் போயிற்று. இரவெல்லாம் நெஞ்சு படபடத்தது. அநித்தியம் என்னுஞ் சொல் நமக்கும் உதவவில்லை. போதகன் என்ற பெயருக்கு அஞ்சி நான்கு திங்கள் எவரிடமும் சொல்லாது மறைத்தோம். (மறைத்ததே நோயை வளர்த்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்.)

ஆலையில் தறி முன் நின்ற நாட்கள் அப்போது நினைவுக்கு வந்தன. நூல் ஓயாது அறுந்தால், பழந்தொழிலாளி நூலை வையமாட்டார். கூடத்துக் காற்றில் ஈரம் போதுமா, பாவுக்குக் கஞ்சி செம்மையாக ஏறிற்றா, இழுப்பு மிகுந்ததா என்று பார்ப்பார். வறண்ட காற்றில் அறும் பருத்தி நூல், ஈரக் காற்றில் தாங்கும். நூல் ஒன்றே! மாதச் சம்பளம் தவறாதவனும், அன்றாடக் கூலி நின்றவனும்; தனியறை உள்ளவனும், ஓரறையில் எண்மராய் முடங்கியவனும் ஒரே காற்றிலா இருந்தனர்? பெருந்தொற்றின் முதலாண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் 25 விழுக்காடு கூடின என்றும், இளைஞரும் பெண்டிருமே மிகுதியும் வருந்தினர் என்றும் அந்நிறுவனமே 2022-இல் வெளியிட்டது. அவ்வோராண்டில் கோழைகள் பெருகினர் என்பதா, காற்று வறண்டது என்பதா? பன்னிரு சார்பையும் விரித்துரைக்கும் நாம், மனவுறுதி மட்டும் சார்பின்றித் தானே முளைத்ததென எண்ணியது விந்தையே.

உடல்கள் விலகியிருத்தலுக்குச் 'சமூக விலகல்' என்று பெயரிட்டனரே, அதையும் சொல்லவேண்டும். விலக்கி வைக்கப்படுதல் இன்னதென்று தலைமுறை தலைமுறையாக அறிந்த நமக்கு அச்சொல் தைத்தது. தாங்குதற்கு அயலார் வேண்டியிருந்த வேளையில் அயலாரை அகற்றியது அது.

"அங்ஙனமாயின் தன்முயற்சி வீணோ?" எனக் கேட்கலாம். வீணன்று. மூச்சை நோக்கி அமர்ந்தமை சில இரவுகளைக் கடத்திற்று. ஆனால் உறக்கத்தை மீட்டது மருத்துவரே. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். பிணி கண்டு மருந்துண்பவனை எவரும் கோழை என்பதில்லை.

ஊர் அடங்கல் நீங்கிய பின் அவ்வம்மையாரின் இல்லம் சென்றோம். போதனை ஒன்றும் கொண்டுசெல்லவில்லை. கணவர் விரும்பி உண்ட குழம்பைப் பற்றியும், அவர் சைக்கிளைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். தேநீர் ஆறிப்போயிருந்தது; எழுந்து மீண்டும் சூடாக்கிக் கொணர்ந்தார்.