ஏசிக்கு மட்டுமா நல்ல பெயர்?

அறை குளிர்ந்தால் நல்ல பெயர் ஏசிக்கு. வெயிலை மறித்த திரைச்சீலையையும், இடுக்கில்லாமல் மூடும் கதவையும் யாரும் பாராட்டுவதில்லை.

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, இரவில்தான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. கீழே சுற்றும் மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. ஆளில்லாத அறையில் அது சுற்றுவது வீண். மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தால் கூரை குடிக்கும் வெயில் குறையும். கூரை தணிந்தால் பல இரவுகளில் விசிறியே போதும். விசிறியும் ஓடினால், ஏசியை 26 டிகிரியில் வைத்தாலும் உடம்பு ஒத்துக்கொள்ளும்.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது எங்காவது ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டாமா? தெரிந்தும் மூடித்தான் வைக்கிறோம், கொசுவுக்குப் பயந்து.

கூரை, திரை, கதவு, விசிறி, ஜன்னல் என இவற்றில் ஒன்று சோம்பினால் அதன் வேலை இன்னொன்றின் தலையில் விழுகிறது. கரன்ட் பில்லில் கணக்கு வருகிறது. இன்னும் பெரிய ஏசி வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், ஒருமுறை மாடியேறிக் கூரையைப் பாருங்கள்.