எவ்வளவு காலமாக?

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு திருப்பலியில் நாம் மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பீடத்தைச் சுற்றி ஓடினான். பிள்ளையை அடக்கத் தெரியாதவர்கள் வெளியே வைத்துக்கொள்ளட்டும் என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டோம். திருப்பலி முடிந்ததும் தாய் வந்து, "அவன் வேணும்னு பண்றதில்லீங்க சாமி" என்றார். அடுத்த ஞாயிறு முதல் அக்குடும்பத்தைக் கோவிலில் காணவில்லை.

முழு அறிவும் முழு இசைவும் இல்லாத செயலில் குற்றப்பொறுப்பு குறையும் என்று குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றோம். பெரியவர்களின் பாவசங்கீர்த்தனத்தில் அதை நினைவுகூரும் நாம், ஒரு சிறுவனிடம் மறந்துபோனோம்.

மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் ஒரு தந்தை, கீழே விழுந்து நுரைதள்ளும் தம் மகனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார். சுற்றிலும் கூட்டம் வாதிட்டுக்கொண்டிருக்கிறது. ஆண்டவரோ அவனைக் குணமாக்குமுன், இந்நிலை எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தந்தையிடம் கேட்கிறார். யாருடைய பாவம், யாருடைய வளர்ப்பு என்று கேட்கவில்லை. நல்ல மருத்துவரும் முதலில் கேட்பது இதையே.

கேட்காமல் எப்படித் தெரியும்? அழைத்தால் திரும்பாத பிள்ளைக்குச் செவித்திறன் குறைந்திருக்கலாம். வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது வலிப்பின் ஒருவகையாக இருக்கலாம். புத்தகத்தைக் கண்டதும் முரண்டு பிடிப்பவனுக்குக் கற்றல் குறைபாடோ, ஓயாது ஓடுபவனுக்கு மிகை இயக்கக் குறைபாடோ, கூட்டத்தின் இரைச்சலைத் தாங்காதவனுக்கு ஆட்டிசமோ இருக்கலாம். எந்த நோயுமின்றி, வீட்டுச் சண்டையை மௌனமாகச் சுமப்பவனும் உண்டு. இத்தனைக்கும் ஒரே பிரம்பு எப்படி மருந்தாகும்?

பரிசோதித்தால் ஒரு பெயரைச் சூட்டிவிடுவார்கள், நாளை சம்பந்தம் பேச வருவோர் தயங்குவார்கள் என்று அஞ்சும் பெற்றோர் நம் கொங்கு மண்ணில் பலர். அந்த அச்சத்தைப் பழிக்க நமக்கு மனமில்லை. ஆனால் பிள்ளைக்கு ஏற்கெனவே பெயர் சூட்டியாயிற்று: சேட்டைக்காரன், மக்கு, அடங்காதவன். அறியாதவர் வைத்த அப்பெயர்கள் அவனுக்கு அடிதான் வாங்கித் தந்தன. ஆராய்ந்தவர் வைக்கும் பெயரோ உரிமையையும் பெற்றுத் தரும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அடங்கும்.

வழியும் தொலைவில் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். கூடுதல் கவனிப்பு தேவைப்படுவோருக்கென்றே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு மையம் இயங்குகிறது. தனியாரிடம் செலவிட இயலாத ஆலைத் தொழிலாளியும் அங்கே செல்லலாம்.

கருமத்தம்பட்டி செபமாலை அன்னையிடம் நேர்ந்துகொள்வது நல்லதே. நேர்ந்துகொண்டதால் மருத்துவரிடம் போகாதிருப்பதுதான் பிழை. நோயுற்றவர் இறைவனிடம் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது.

பல மாதங்கள் தயங்கியபின் அந்தத் தாயின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். பிறகு, "எவ்வளவு காலமாக அம்மா?" என்று வினவினோம். ஒரு மணி நேரம் பேசினார். அதுவரை அவரிடம் எவரும் அதைக் கேட்டதில்லையாம். நம் பங்கில், நம் தெருவில் இப்படி எத்தனை வீடுகளோ! தீர்ப்பிடுமுன் கேட்போம். கேட்டபின், மருத்துவமனை வரை உடன் செல்வோம்.