உயிரைக் காக்கும் கடமைக்கு எல்லை உண்டா?

உயிர் இறைவன் தந்த கொடை. அதைப் பேணுவது நமது கடமை. ஞானோபதேச வகுப்பில் சிறு பிள்ளையும் இதைக் கற்கிறது. ஆனால் குணமாக்க முடியாத நோய் வந்துவிட்டால் அக்கடமை எதுவரை செல்கிறது?

சுவாசப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் மூளை, எலும்பு, ஈரல் ஆகியவற்றுக்குப் பரவும். அபூர்வமாகச் சிறுகுடலையும் சென்றடையும். அப்போது வயிற்றுவலியும் வாந்தியும் தோன்றலாம். மலத்தோடு இரத்தம் போகலாம். குடல் அடைபடலாம், துளைபடவும் கூடும். வைத்தியர் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார். அது அடைப்பை நீக்கி வேதனையைத் தணிக்கலாம். சில காலம் உயிரை நீட்டவும் செய்யலாம். ஆனால் இவ்வளவு தூரம் பரவிய நோயைப் பொதுவாக அது குணமாக்காது.

நலிந்துபோன நோயாளி, “எனக்கு ஒப்பரேஷன் வேண்டாம்” என்று சொன்னால் அது தற்கொலைக்குச் சமமா? அல்ல. உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளவே மனிதன் கடமைப்பட்டவன் எனப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இல் வைத்தியர்களுக்கு விளக்கினார். பலனுக்கு ஒவ்வாத பாரமான சிகிச்சையை மறுப்பது தற்கொலையாகாது என்றும், குடும்பத்தின் மேல் மிதமிஞ்சிய செலவைச் சுமத்த விரும்பாமையும் நியாயமான காரணமே என்றும் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980இல் அறிவித்தது. பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பரும் 2005இல் தமது கடைசி நாட்களில் மீண்டும் ஆஸ்பத்திரிக்குச் செல்லாமல், வத்திக்கானில் தம் அறையிலேயே உயிர்நீத்தார்.

ஆயினும் நம் ஊவாத் தோட்டங்களில் ஓர் ஆபத்து உண்டு. “எனக்காகக் கடன்படாதீங்க” என்று ஒரு தாய் சொல்வது மனச்சாட்சியின் குரலா, வறுமையின் குரலா? அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பது மெய்யே. ஆனால் மடூல்சீமையிலோ நமுனுகுலையிலோ உள்ள லயத்திலிருந்து பதுளைக்கு நோயாளியைக் கொண்டுவர வாகனக் கூலி வேண்டும். மஹரகமைக்குப் போக நேர்ந்தால், கூடப் போகிறவரின் நாட்சம்பளமும் போய்விடும். பணமில்லாமல் கைவிட்ட சிகிச்சையைத் தேவசித்தம் என்று சொல்லி மூடிவிடலாகாது. அந்தச் செலவைத் திரட்டிக் கொடுப்பது பங்கு மக்களாகிய நமது கடமை. வழி திறந்திருக்கும்போது அத்தாய் வேண்டாம் என்றால்தான் அது அவளுடைய சுதந்திரமான தீர்மானம்.

தீர்மானம் நோயாளியுடையது என்றால், அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். “வெறும் வயிற்றுப்புண்தான்” என்று அன்பினால் மறைக்கிறோம். அதனால் பாவசங்கீர்த்தனம் செய்யவும், பகைத்த உடன்பிறப்போடு சமாதானமாகவும், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லவும் அவருக்குள்ள காலத்தைப் பறித்துவிடுகிறோம். பொறுமையோடு, அவர் தாங்குமளவு பார்த்துச் சொல்வோம்.

சிகிச்சையை நிறுத்தலாம்; பராமரிப்பை நிறுத்தலாகாது. வேதனை தணிக்கும் மருந்தைத் திருச்சபை தடுக்கவில்லை. பதுளை மறைமாவட்டம் உருவான அதே 1972இல், நோயில்பூசுதல் திருவருட்சாதனத்தின் சடங்குமுறையைப் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் புதுப்பித்தார். அது உயிர் பிரியும் வேளைக்கு மட்டும் உரியதன்று. ஆகவே நோயாளி நினைவோடு இருக்கும்போதே குருவானவரை அழைப்போம். அவர் உதட்டை நனைப்பதும், உடலைத் துடைப்பதும், பக்கத்திலிருந்து செபமாலை சொல்வதும் எந்த ஏழை வீட்டாலும் செய்யக்கூடியவை. இந்தக் கடமைக்கு எல்லை கிடையாது.